ஈரத் தீவனத்தைக் கணினியில் ஏற்றும் முறை: பீர் கழிவு, திப்பி வாங்கும் பண்ணையாளர்கள் கவனத்துக்கு

கறவை மாட்டுப் பண்ணைகளில் தீவனச் செலவைக் குறைப்பதற்காக, பீர் ஆலையின் ஈரத் தானியக் கழிவையும் சேகோ ஆலையின் மரவள்ளித் திப்பியையும் லோடு கணக்கில் இறக்குவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதே பண்ணைகளில் வீட்டுப் பிள்ளைகள் எக்செல் போன்ற விரிதாளிலோ தீவன மென்பொருளிலோ குறைந்த செலவுக் கலவையைக் கணக்கிடவும் செய்கிறார்கள். இரண்டும் நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஈரத் தீவனத்தைக் கணினியில் ஏற்றும் இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். திரையில் எல்லாச் சத்தும் சரியாக இருப்பதாகக் காட்டும். கேனில் பால் குறையும்.

காரணம் ஈரம். காய்ந்த தீவனங்களில் ஈரம் 9 முதல் 12 சதம் வரைதான் இருக்கும். தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருப்பதால், அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் பெரிய பிழை வராது. பீர் கழிவில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். பச்சைத் திப்பியில் 80 பங்குக்கு மேலும் இருக்கும். கோ-4 கம்பு நேப்பியர் புல்லிலும் 80 பங்கு தண்ணீர்தான். தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதையே உலர்பொருள் என்கிறோம். புரதம், எரிசக்தி, நார், தாது உப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மென்பொருளில் இது 'டிரை மேட்டர்' என்று வரும். தொட்டியில் போடும் நிலையிலுள்ள எடையை 'ஆஸ் ஃபெட்' என்று குறிப்பார்கள். நாம் அதை ஈர எடை என்று சொல்லலாம்.

இரண்டு கணக்கும் கலந்தால் என்ன ஆகும்?

புத்தக அட்டவணையில் பீர் கழிவுக்குப் புரதம் 25 சதம் என்று போட்டிருக்கும். அது உலர்பொருளில் 25 சதம். வியாபாரி கிலோ 7 ரூபாய் என்கிறார். அது ஈர எடைக்கான விலை. இரண்டையும் அப்படியே ஒரே வரியில் ஏற்றிவிட்டால், கால் கிலோ புரதம் 7 ரூபாய்க்குக் கிடைப்பதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். அதாவது ஒரு கிலோ புரதம் 28 ரூபாய். இவ்வளவு மலிவான புரதம் சந்தையிலேயே கிடையாது. உடனே அது புண்ணாக்கை முழுக்க நீக்கிவிட்டு பீர் கழிவைக் கொட்டும்.

உண்மைக் கணக்கு வேறு. உலர்பொருள் 22 சதம் உள்ள ஒரு கிலோ பீர் கழிவில் புரதம் 55 கிராம்தான். ஒரு கிலோ புரதத்தின் அடக்கம் 127 ரூபாய். கிலோ 50 ரூபாய் விலையுள்ள கடலைப் புண்ணாக்கில், 91 சத உலர்பொருளும் அதில் 43 சதப் புரதமும் என்று வைத்தால், இது 128 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய சமம்! பீர் கழிவில் கூடுதலாகக் கொஞ்சம் எரிசக்தி வருகிறது, அவ்வளவுதான் லாபம். மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு லோடு இறக்குபவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

தலைகீழான பிழையும் உண்டு. புரதத்தை ஈர எடையில் 5.5 என்று ஏற்றிவிட்டு, விலையை மட்டும் உலர்பொருளுக்கு மாற்றி 31.82 என்று போட்டால், மென்பொருள் அந்தத் தீவனத்தைத் தொடவே தொடாது. 'பீர் கழிவு கட்டாதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு' என்பார்கள். கணினி சொன்னது நாம் ஏற்றியதைத்தான்.

எனவே என் பரிந்துரை ஒன்றே: எல்லாவற்றையும் உலர்பொருள் கணக்கில் ஏற்றுங்கள். காய்ந்த தீவனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விடை வந்த பிறகு, கடைசிப் படியில் மட்டும் ஈர எடைக்கு மாற்றுங்கள். மென்பொருளில் ஒவ்வொரு தீவனத்துக்கும் தனித்தனி அடிப்படை வைத்துக்கொள்ளும் வசதி இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம். ஆறு மாதம் கழித்து எந்த வரி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் ஈரத்தை அளந்துகொள்ளுங்கள்

அட்டவணையில் உள்ள உலர்பொருள் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது காய்ந்த தீவனத்துக்குச் சரி. ஈரத் தீவனத்துக்குக் கூடாது. ஆலையில் பிழிவது எவ்வளவு, லாரியில் எவ்வளவு நேரம் வடிந்தது, வழியில் மழை பெய்ததா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு லோடும் மாறும்.

அளப்பது கடினம் அல்ல. 1 கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும். லோடின் மேல், நடு, அடி என்று ஐந்தாறு இடங்களில் கைப்பிடி எடுத்து நன்றாகக் கலந்து, அதிலிருந்து 100 கிராம் எடுங்கள். தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும் என்பதால் மேலிருந்து மட்டும் எடுத்தால் கணக்கு தப்பும். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அகலத் தட்டில் பரப்பி, ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, முதலில் 3 நிமிடம், பிறகு ஒவ்வொரு நிமிடமாக வைத்து எடை போடுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்து எடை மாறாமல் நின்றால் அதுதான் உலர்பொருள். 100 கிராம் 22 கிராமாக நின்றால் 22 சதம். கருகிவிட்டால் அந்த மாதிரியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

மைக்ரோவேவ் இல்லாதவர்கள் வெயிலில் காய வைக்கலாம். ஒரு கிலோவை மெல்லிசாகப் பரப்பி, மொறுமொறுவென்று ஆகும்வரை இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். வெயிலில் காய்ந்ததிலும் சுமார் 10 சதம் ஈரம் மீந்திருக்கும் என்பதால், வந்த எடையை 0.9 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் பெரிய வேலை.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு முறை அளக்க வேண்டும். புல்லுக்குப் பருவம் மாறும்போதும், அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு முறையும் அளந்தால் போதும்.

விரிதாளில் அமைப்பது எப்படி?

ஒவ்வொரு தீவனத்துக்கும் ஒரு வரி. பத்திகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: பெயர், உலர்பொருள் சதம், ஈர எடையில் ஒரு கிலோ விலை, உலர்பொருளில் ஒரு கிலோ விலை, உலர்பொருளில் புரதம், உலர்பொருளில் மொத்தச் செரிமானச் சத்து, ஒரு மாட்டுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம், கணினி கண்டுபிடிக்க வேண்டிய உலர்பொருள் அளவு, கடைசியாகத் தொட்டியில் போட வேண்டிய ஈர எடை. மொத்தச் செரிமானச் சத்து என்பது எரிசக்தியின் அளவு, மென்பொருள்களில் டி.டி.என். என்று வரும்.

உலர்பொருள் விலையைக் கையால் அடிக்காதீர்கள். ஈர விலையை உலர்பொருள் சதத்தால் வகுக்கும் சூத்திரமாகவே இருக்கட்டும். புது லோடு வந்ததும் சதத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும்.

கீழே உள்ள அளவுகள் நம் ஊர்த் தீவனங்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோ-4 புல்: உலர்பொருள் 20 சதம், புரதம் 9, செரிமானச் சத்து 54, ஈர விலை ரூ.2, உலர் விலை ரூ.10.
வைக்கோல்: 90 சதம், 3.5, 42, ரூ.7, உலர் விலை ரூ.7.78.
பீர் கழிவு: 22 சதம், 25, 70, ரூ.7, உலர் விலை ரூ.31.82.
மரவள்ளித் திப்பி: 18 சதம், 2.5, 65, ரூ.3, உலர் விலை ரூ.16.67.
மக்காச்சோளம்: 89 சதம், 9, 82, ரூ.26, உலர் விலை ரூ.29.21.
கடலைப் புண்ணாக்கு: 91 சதம், 43, 76, ரூ.50, உலர் விலை ரூ.54.95.

மாட்டின் தேவையையும் ஏற்ற வேண்டும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு, 4 சதக் கொழுப்புடன் 10 லிட்டர் கறக்கிறது என்று கொள்வோம். உடல் பராமரிப்புக்குப் புரதம் 0.32 கிலோ, செரிமானச் சத்து 3.13 கிலோ. லிட்டருக்குப் புரதம் 90 கிராம், செரிமானச் சத்து 322 கிராம். கூட்டினால் புரதம் 1.22 கிலோ, செரிமானச் சத்து 6.35 கிலோ. மாடு தின்னக்கூடிய உலர்பொருள் உடல் எடையில் 3 சதம், அதாவது 12 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

எக்செல்லில் 'சால்வர்' என்ற வசதி இருக்கிறது; முதல் முறை 'ஆட்-இன்' பட்டியலில் போய் அதை இயக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே வசதி உண்டு. மொத்தச் செலவைக் குறை என்பது குறிக்கோள். உலர்பொருள் அளவுப் பத்திதான் மாற்ற வேண்டிய கட்டங்கள். மேலே சொன்ன தேவைகளும் உச்சவரம்புகளும் நிபந்தனைகள். கணக்கிடும் முறையில் 'சிம்ப்ளக்ஸ் எல்பி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கோழித் தீவன ஆலைகளுக்காகச் செய்த மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் 'மொத்தம் 100 கிலோ' என்ற நிபந்தனை முன்கூட்டியே இருக்கும். காய்ந்த கலவைக்கு அது சரி. ஈரத் தீவனம் சேர்ந்த மாட்டுத் தீவனத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, ஒரு மாட்டுக்கு ஒரு நாள் உலர்பொருள் 12 கிலோவுக்குள் என்று மாற்றுங்கள். தண்ணீரை ஒரு தீவனமாக விலையில்லாமல் பட்டியலில் சேர்ப்பவர்களையும் பார்க்கிறேன். 100 கிலோ நிபந்தனையோடு அதைச் சேர்த்தால், இலவசம் என்பதால் கணினி தண்ணீரை ஊற்றியே எடையை நிரப்பும். தவிட்டைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் பழக்கம் இருந்தாலும் அந்தத் தண்ணீர் கணக்கில் வர வேண்டியதில்லை.

உச்சவரம்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கணினிக்கு மாட்டின் வயிறு தெரியாது. பீர் கழிவு அதிகமானால் சாணம் இளகும். அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மொத்த உலர்பொருளில் 20 சதத்துக்கு மேல் அது போகாமல் இருப்பது நல்லது. இந்த எடுத்துக்காட்டில் ஈர எடை 8 கிலோ என்று நிறுத்தியிருக்கிறேன். திப்பியில் மாவுச்சத்து மட்டுமே உண்டு, விரைவில் புளிக்கும், பச்சையாக இருக்கும்போது சயனைடும் ஓரளவு இருக்கலாம். அதனால் 5 கிலோ. புல் 25 கிலோ, வைக்கோல் 2.5 கிலோ என்பது அந்தப் பண்ணையில் இருப்பு.

வரம்பை ஈர எடையில் யோசிக்கலாம், ஆனால் கட்டத்தில் உலர்பொருளாக மாற்றித்தான் போட வேண்டும். 8 கிலோ பீர் கழிவு என்றால் 1.76. இங்கேதான் பலர் 8 என்றே அடித்துவிடுவார்கள். அப்படி அடித்தால் 36 கிலோ ஈரக் கழிவுக்கு அனுமதி கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவும் ஏற்றினால் கணினி தரும் விடை: கோ-4 புல் 25 கிலோ, வைக்கோல் 2.5 கிலோ, பீர் கழிவு 8 கிலோ, திப்பி 5 கிலோ, மக்காச்சோளம் 820 கிராம், கடலைப் புண்ணாக்கு 420 கிராம். உலர்பொருள் 11 கிலோ. செலவு 181 ரூபாய். பீர் கழிவும் திப்பியும் இல்லாமல் அதே சத்தைக் கொடுக்க மக்காச்சோளம் 2.5 கிலோவும் புண்ணாக்கு 1.25 கிலோவும் வேண்டும். செலவு 196 ரூபாய் ஆகும். மாட்டுக்கு நாளுக்கு 15 ரூபாய் மிச்சம். தாது உப்புக் கலவை 50 கிராம், உப்பு 30 கிராம் இரண்டிலும் தனியாக உண்டு. செலவு மிச்சம் என்று கணினி அதைக் கழிக்க விடக் கூடாது என்பதால் அதை நான் சால்வருக்குள்ளேயே வைப்பதில்லை.

'தீர்வு இல்லை' என்று திரை சொன்னால் பதறி மாட்டின் புரதத் தேவையைக் குறைக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு உச்சவரம்பு தவறான கணக்கில் ஏறியிருக்கும், அல்லது அதிகம் கறக்கும் மாட்டுக்குப் புல்லையும் வைக்கோலையும் கட்டாய அளவாக வைத்து 12 கிலோவையும் அவற்றாலேயே நிரப்பியிருப்பீர்கள்.

லோடுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

மென்பொருளால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான் என்பது என் கருத்து. கலவை தயாரான பிறகு, பீர் கழிவின் ஈர விலையை 25 காசு 25 காசாக ஏற்றி ஒவ்வொரு முறையும் கணக்கை ஓட்டுங்கள். மேலே உள்ள விலைகளில் 8 ரூபாய் 50 காசு வரை கணினி 8 கிலோவையும் எடுத்துக்கொள்ளும். 8.75 ஆனதும் மொத்தமாக விட்டுவிடும். வியாபாரியிடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண் அது.

இப்போது விலையை 7 ரூபாயிலேயே வைத்து, உலர்பொருளைக் குறைத்துப் பாருங்கள். 18 சதத்துக்கு வந்ததும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 17 சதம் என்றால் அந்த லோடை வாங்குவதைவிட மக்காச்சோளமும் புண்ணாக்கும் வாங்குவதே மேல். திப்பிக்கு 3 ரூபாய் விலையில் இந்த எல்லை 15 சதத்துக்குச் சற்று மேலே. ஆகவே லாரி வாசலில் நிற்கும்போதே 100 கிராம் எடுத்துக் காய வைத்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல. 'தண்ணிக்குக் காசு கொடுக்க மாட்டேன்' என்று சொல்ல ஆதாரம் வேண்டுமே.

சேதாரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். நம் வெயிலில் திறந்து கிடக்கும் பீர் கழிவு இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைக் கறவை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் டிரம்மில் மிதித்து அடைத்தால் கூடுதல் நாள் தாங்கும். பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றால் 31.82 ரூபாயை 0.9 ஆல் வகுத்து 35.36 என்று ஏற்றுங்கள்.

அளக்காமல் போட்டால் மாட்டுக்கு என்ன இழப்பு? 22 சதம் என்று கணக்குப் போட்ட லோடு உண்மையில் 17 சதமாக இருந்தால், அதே 8 கிலோவில் புரதம் 100 கிராம் குறைகிறது, செரிமானச் சத்து 280 கிராம் குறைகிறது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பாலுக்கான சத்து அது. 15 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லிட்டர் பாலை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பலரும் மறப்பது புல்லை

ஈரத் தீவனம் என்றதும் பீர் கழிவும் திப்பியும்தான் நினைவுக்கு வருகின்றன. தொட்டியில் விழும் பெரிய ஈரத் தீவனம் புல். வடகிழக்குப் பருவமழையில் வளரும் இளம் கோ-4 புல்லில் உலர்பொருள் 15 சதத்துக்கும் இறங்கிவிடும். அதே 25 கிலோவில் 5 கிலோவுக்குப் பதில் 3.75 கிலோ உலர்பொருள்தான். செரிமானச் சத்தில் 675 கிராம் குறைவு. இரண்டு லிட்டர் பாலுக்கான எரிசக்தி. 'மழை வந்தா மாடு பால் குறைச்சிரும்' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

விரிதாளில் 20 ஐ 15 ஆக மாற்றினால் கணினி புண்ணாக்கை 540 கிராமுக்கும் மக்காச்சோளத்தை 1.63 கிலோவுக்கும் ஏற்றும். கூடுதல் செலவு 27 ரூபாய். புல் இருப்பு இருந்தால் 25 கிலோவை 33 கிலோவாக்கினாலும் அதே உலர்பொருள் வந்துவிடும். செலவு 16 ரூபாய்தான். மாடு அவ்வளவு ஈரத்தைத் தின்று முடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய புல்லை அரை நாள் வாட விட்டு நறுக்கிப் போட்டால் சுலபமாகத் தின்னும்.

கலவையை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பீர் கழிவை 2 கிலோவில் தொடங்கி ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் 8 கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். வேலையாள் கூடையால் அளப்பவர் என்றால், அந்தக் கூடை எத்தனை கிலோ பிடிக்கிறது என்று ஒரு முறை எடை போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஈரக் கழிவுக் கூடையும் தவிட்டுக் கூடையும் ஒரே எடை அல்ல.

புரத அளவை மட்டும் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. புது ஆலையிலிருந்து வாங்கத் தொடங்கும்போது அரை கிலோ மாதிரியைக் காற்றை வெளியேற்றிய பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பெட்டியில் வைத்து அன்றே கொண்டு போய்ச் சேருங்கள். உலர்பொருள், புரதம், நார், அஃப்லாடாக்சின் நான்கையும் கேளுங்கள். முடிவு வந்ததும் அதில் புரதம் உலர்பொருள் கணக்கிலா, ஈர எடைக் கணக்கிலா என்று பார்த்துவிட்டு விரிதாளில் ஏற்றுங்கள். தாளில் எழுதியிருக்காவிட்டால் ஆய்வகத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.